ஏற்பதும் எதிர்ப்பதும்

மனத்தில் எழும் துன்ப நினைவை என்ன செய்வது? மிகப் பழைய கேள்வி இது. தேர்வு மண்டபத்தில் கை நடுங்க அமர்ந்திருக்கும் மாணவன் இதனைக் கேட்கிறான். மகனை இழந்த தாய் கேட்கிறாள். ஆண்டுக்கணக்காக முதுகு வலியோடு படுத்திருக்கும் முதியவரும் கேட்கிறார். "அதனை விரட்டு" என்பார் சிலர். "மறந்துவிடு" என்பார் சிலர். "நல்லதையே நினை" என்பார் வேறு சிலர். இம்மூன்றும் அல்லாத நான்காம் வழி ஒன்றை அண்மைக் காலத்து உளமருத்துவர்கள் வகுத்துள்ளனர். "விரட்டவும் வேண்டா, மறக்கவும் வேண்டா, அது இருக்க இடங்கொடுத்து, நீ செய்ய வேண்டியதைச் செய்" என்பதே அவ்வழி. ஏற்றலும் உறுதியும் சார்ந்த உளமருத்துவம் என்று அதனைத் தமிழிற் கூறலாம். ஆங்கிலத்தில் அதன் பெயரை 'ஆக்ட்' என்று சுருக்கி வழங்குவர். 'செயல்படு' என்பது அச்சொல்லின் பொருள்.

இம்மருத்துவம் முறையாக வகுக்கப்பட்ட இடம் அமெரிக்கா. எனினும், அது விடை காண முயன்ற கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை தேடிய இருவர் நெல்லைச் சீமையில் வாழ்ந்தனர். ஒருவர் சிறைக்கூடத்தில் அடைபட்டவர். மற்றவர் நோய்ப்படுக்கையில் அடைபட்டவர். அவ்விருவர் வரலாற்றையும் அறிந்துகொண்டால் இந்தப் புதிய மருத்துவத்தின் உட்பொருள் நமக்கு எளிதில் விளங்கும்.

முதல்வர், வ. உ. சிதம்பரம் பிள்ளை. அக்காலத்துத் திருநெல்வேலி ஜில்லாவில், ஒட்டப்பிடாரத்தில், 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்தவர். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர். 1908-இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்குத் துணை நின்றவர். அவ்வாண்டு மார்ச் 12-ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்து எழுந்தது. ஜூலை மாதத்தில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் துன்புற்று, 1912 டிசம்பரில் அவர் விடுதலை பெற்றார். கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்த செய்தியைத் தமிழ் மக்கள் நன்கறிவர்.

செக்கிழுத்த அக்கை எழுதுகோலையும் பிடித்தது. ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில எழுத்தாளரின் நூல்களை அவர் தமிழாக்கினார். அவற்றுள் 'மனம் போல வாழ்வு' 1909-இலும், 'அகமே புறம்' 1914-இலும் வெளிவந்தன. மனிதன் தன் நினைவுகளால் ஆக்கப்படுகிறான் என்பது ஆலனின் கொள்கை. மனம் ஒரு தோட்டம். தீய நினைவுகளாகிய களையைப் பறித்து நல்ல நினைவுகளாகிய விதையை ஊன்றினால் வாழ்வு செழிக்கும் என்பது அவர் காட்டும் உவமை. சோர்ந்து கிடந்த மக்களைத் தட்டியெழுப்ப இக்கொள்கை பெரிதும் பயன்பட்டது. உன் வாழ்வு உன் கையில் இருக்கிறது என்பதை அடிமைப்பட்ட நாட்டினர்க்கு எடுத்துரைப்பது சிறிய தொண்டன்று.

ஆயினும், இக்கொள்கையைத் துன்புறும் ஒருவன் தனக்கெதிராகவே திருப்பிக்கொள்ளவும் கூடும். "நினைவு போலவே வாழ்வு என்கிறார்கள். என் நெஞ்சிலோ அச்சமும் துயரமுமே எழுகின்றன. அப்படியானால் நான் கெட்டவன் போலும், என் துன்பத்துக்கு நானே குற்றவாளி போலும்" என்று அவன் எண்ணத் தொடங்கினால், பட்ட புண்ணின்மேல் மற்றொரு புண் படுகிறது. அவன் களை பறிக்கப் புகுகிறான். பறிக்கப் பறிக்கக் களை முளைக்கிறது. நாள் முழுவதும் களையோடு போராடிப் பயிருக்கு நீர் விட மறந்துபோகிறான்.

மனத்துக்கு இப்படி ஓர் இயல்பு உண்டு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். "மருந்து குடிக்கும்போது குரங்கை நினையாதே" என்று ஒரு வேடிக்கைப் பேச்சு நம் வீடுகளில் வழங்குகிறது. அதுவரை குரங்கைப் பற்றி எண்ணாதவனும், அவ்வாறு சொன்ன பிறகு குரங்கை எண்ணாமல் மருந்து குடிக்க இயலாது. டேனியல் வெக்னர் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் 1987-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இவ்வுண்மையைச் சோதனையால் காட்டியது. வெள்ளைக் கரடியைப் பற்றி எண்ணவே கூடாது என்று மாணவர் சிலரிடம் அவர் கூறினார்; அந்நினைவு வரும்போதெல்லாம் மணியை அடிக்கச் செய்தார். மணி ஓயவில்லை. பிறகு கரடியை எண்ணலாம் என்று விடை கொடுத்தபோது, முதலிலிருந்தே எண்ணுமாறு சொல்லப்பட்டவர்களைக் காட்டிலும் இவர்கள் மிகுதியாக எண்ணினர். அமுக்கிய நினைவு அடங்குவதில்லை. மேலும் வலிவு பெற்று எழுகிறது. கரடிக்கு உரிய இவ்விதி, கவலைக்கும் அச்சத்துக்கும் பெரிதும் பொருந்தும்.

இனி, இரண்டாமவர் வரலாற்றைக் காண்போம். ஏமி கார்மைக்கேல் என்னும் அம்மையார் 1867-இல் அயர்லாந்தின் வட பகுதியில் பிறந்தவர். 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். அடுத்த ஆண்டின் இறுதியில் நெல்லைச் சீமையை அடைந்தார். பின்னர்த் தாயகம் திரும்பவேயில்லை. 1901-இல், பொட்டுக்கட்டி விடப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பியோடி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதுமுதல் அத்தகைய குழந்தைகளை வளர்ப்பதே அவருடைய வாழ்க்கைப் பணியாயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், களக்காட்டுக்கு அணித்தாக உள்ள டோனாவூரில் அவர் குடியேறினார். குழந்தைகள் அவரை 'அம்மா' என்றே அழைத்தனர். அவருடைய சமயப் பணியைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். அது நம் ஆராய்ச்சிக்கு உரியதன்று. துன்பத்தை அவர் எதிர்கொண்ட முறையே நாம் கருதத்தக்கது.

துன்பம் அவருக்குக் குறைவின்றி வந்தது. வழிகாட்டியாயிருந்த வாக்கர் 1912-இல் மறைந்தார். வலக்கையாக விளங்கிய பொன்னம்மாள் 1915-இல் மறைந்தார். பிறகு, 1931 அக்டோபரில், களக்காட்டில் மருந்தகமாக அமையவிருந்த ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்ற அம்மையார், அங்கே தோண்டியிருந்த குழியில் தவறி விழுந்தார். கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகும் அடிபட்டது. சில வாரங்களில் எழுந்துவிடலாம் என்று எண்ணினர். ஆனால், அவர் பழைய நிலைக்கு மீளவேயில்லை. 1951 ஜனவரி 18-ஆம் நாள் உயிர் நீங்கும் வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் ஓர் அறையிலும் ஒரு படுக்கையிலுமே கழிந்தன.

அந்த அறையில் அவர் என்ன செய்தார்? எழுதினார். பத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அப்படுக்கையிலிருந்து பிறந்தன. அவற்றுள் ஒன்று, நோயுற்றோருக்கு நோயுற்ற ஒருவர் எழுதிய கடிதங்களாக 1933-இல் வெளிவந்தது. நலமுடையோர் நோயாளிக்குக் கூறும் ஆறுதல், வலியின் இடத்தைச் சென்று தொடுவதில்லை என்பதை அவர் தம் நோயிலே உணர்ந்திருந்தார். வலி நீங்கிவிட்டதென்று அவர் பொய் கூறவில்லை. உறங்கா இரவுகளையும் மறைக்கவில்லை.

அவர் எழுதிய கவிதை ஒன்று இங்கே கருதத்தக்கது. துயருற்ற ஒருவன் அமைதியை நாடி நான்கு வழிகளில் செல்வதை அது கூறுகிறது. இறந்தோரை மறந்துவிட முயல்கிறான்; அமைதி இல்லை. வேலைமேல் வேலையை அடுக்கித் தன்னை அதில் மூழ்கடிக்கிறான், அமைதி இல்லை. உலகத் தொடர்பை விட்டு ஒதுங்குகிறான், அப்போதும் இல்லை. "தோற்றேன்" என்று தலை குனிந்து அடங்குகிறான், அங்கும் இல்லை. இறுதியில் தன் துயரத்தை ஏற்கிறான். அப்போது அகத்தின் கொந்தளிப்பு ஓய்கிறது. அடங்குதல் வேறு, ஏற்றல் வேறு என்று அவர் பிரித்துக் காட்டிய நுட்பத்தை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். தலை குனிந்து அடங்கியவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். ஏற்றவனுக்கோ கை விடுதலை பெறுகிறது. அம்மையார்க்கு அவ்விடுதலை சமய நம்பிக்கையின் வழியாக வந்தது. உளமருத்துவர்கள் ஆராய்ச்சியின் வழியாக அதே இடத்துக்கு அருகில் வந்து சேர்ந்தனர்.

அவ்வாறு வந்தவருள் முன்னோடி ஜப்பான் நாட்டு மோரிட்டா ஷோமா. அவர் 1874-இல் பிறந்து 1938-இல் மறைந்தவர். மருத்துவ மாணவராயிருந்தபோது நெஞ்சுப் படபடப்பாலும் நரம்புத் தளர்ச்சியாலும் அல்லலுற்றார். தேர்வு நெருங்கியது, ஊரிலிருந்து தந்தையார் பணமும் அனுப்பவில்லை. "என்ன ஆனாலும் ஆகட்டும்" என்று துணிந்து, உடலின் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணிக்கொண்டிருந்ததை விடுத்துப் பாடத்தில் இறங்கினார். தேர்விலும் நன்கு தேறினார், படபடப்பும் தணிந்தது. ஏறத்தாழ 1919-இல் அவர் வகுத்த மருத்துவ முறை இவ்வனுபவத்தின் சாயலைக் கொண்டது. தோன்றும் உணர்ச்சியை உள்ளபடியே விட்டுவிட்டு, கண்முன் உள்ள கடமையைச் செய்வதே அதன் சாரம்.

மேல்நாட்டிலோ வேறு நெறி ஓங்கியது. 1950-களில் ஆல்பர்ட் எல்லிஸும், 1960-களில் ஆரன் பெக்கும் பிழையான எண்ணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தும் மருத்துவ முறைகளை அமைத்தனர். அம்முறை இன்றும் பல்லாயிரவர்க்குப் பயன்படுகிறது. அதே மரபிற் பயின்றவரே ஸ்டீவன் ஹேய்ஸ். அவர் ஓர் உளவியல் பேராசிரியர். 1978-இல், தம் துறையின் கூட்டம் ஒன்றில் பேராசிரியர்கள் வாதிட்டுக்கொண்டிருக்க, பேசுவதற்காக அவர் வாய் திறந்தார். குரல் எழவில்லை. அச்சம் அவரை அப்படி ஆட்கொண்டது. அதன்பின் ஈராண்டுக்கு மேலாக அவ்வச்சத்தை வெல்லவும் விலக்கவும் முயன்றார். முயலுந்தோறும் அது வளர்ந்தது. அச்சத்திலிருந்து ஓடுவதே அச்சத்துக்கு உணவு என்பதை இறுதியில் கண்டார். 1980-களில் தம் குழுவினருடன் ஆராயத் தொடங்கிய அவர், ஸ்ட்ரோசால், வில்சன் என்னும் இருவரோடு சேர்ந்து 1999-இல் இம்மருத்துவத்தின் முதல் நூலை வெளியிட்டார்.

இம்மருத்துவம் செய்வது யாது? மூன்று செயல்களாக அதனைச் சுருக்கிக் கூறலாம்.

முதலாவது, நினைவை நினைவென்று காணுதல். 'புளி' என்று ஒருமுறை சொல்லுங்கள். நாவில் நீர் ஊறுகிறது. புளி எங்கே? வெறுஞ் சொல்லே அவ்வளவு செய்தது. அச்சொல்லையே அரை நிமிடம் விரைந்து திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். சிறிது நேரத்தில் பொருள் கழன்று, ஓசை மட்டும் எஞ்சும். "நான் உதவாதவன்" என்னும் நினைவும் அத்தகைய ஒரு சொற்றொடரே. "நான் உதவாதவன் என்னும் நினைவு எனக்கு இப்போது வருகிறது" என்று ஒருவன் கூறக் கற்றுக்கொண்டால், நினைவுக்கும் அவனுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி உண்டாகிறது. அவ்விடைவெளி போதும்.

இரண்டாவது, உணர்ச்சிக்கு இடங்கொடுத்தல். இதற்கு நெல்லையிலேயே நல்லதோர் உவமை உண்டு. நகரை அடுத்த குறுக்குத்துறையில் முருகன் கோயில் ஆற்றின் நடுவிலேயே நிற்கிறது. தாமிரவருணியில் வெள்ளம் வந்தால் கோயில் மூழ்கும் என்பது கட்டியவர்க்குத் தெரியும். ஆற்றைத் தடுக்க அவர்கள் மதில் எழுப்பவில்லை. வரும் நீர் இருபுறமும் பிரிந்து செல்லுமாறு முகப்பைப் படகின் முனைபோல் அமைத்தனர். வெள்ளம் வரும் காலத்தில் உற்சவமூர்த்தியை மேலக்கோயிலுக்குக் கொண்டுசெல்வர். நீர் வடிந்தபின் சேற்றைக் கழுவி, மீண்டும் வழிபாடு தொடங்குவர். 1992 நவம்பரில் வந்த பெருவெள்ளத்தையும், 2023 டிசம்பரில் வந்த பெருவெள்ளத்தையும் அக்கோயில் இவ்வாறே கண்டது. வெள்ளம் வாராதிருக்க வேண்டுமென்று அது கேட்கவில்லை. வந்து போக வழிவிட்டு நின்றது. துயரமும் அச்சமும் அத்தகைய வெள்ளமே. அணை கட்ட முயல்வதில் ஆற்றலை இழப்பதினும், வழிவிட்டு நிற்கக் கற்பது நன்று.

மூன்றாவது, உயிரினும் இனியதாக நாம் போற்றுவது எது என்று தெளிந்து, அதற்காகச் செயல்படுதல். "அச்சம் நீங்கட்டும், அதன்பின் செய்வேன்" என்று காத்திருப்பவனுக்கு அந்த நாள் வருவதேயில்லை. அச்சத்தையும் உடன் அழைத்துக்கொண்டு புறப்படுக என்கிறது இம்மருத்துவம். இம்மூன்றாம் செயல் இல்லையேல் முதலிரண்டும் வெறும் பயிற்சியாய் நின்றுவிடும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். "எல்லாவற்றையும் ஏற்றுக்கொள் என்பது அடிமைக்குச் சொல்லும் பாடமன்றோ? விதியே என்று கிடக்கும் நோயை நம் நாடு நீண்ட காலம் அனுபவிக்கவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே இது. இம்மருத்துவம் ஏற்கச் சொல்வது அகத்தே எழும் உணர்ச்சியை மட்டுமே. புறத்தே நிகழும் தீமையை அன்று. வலியை ஏற்ற அம்மையார், சிறுமியரைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஏற்றாரா? தம் வாழ்நாளெல்லாம் அதனை எதிர்த்து நின்றார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதலியோர் சட்டமன்றத்திலும் மேடையிலும் போராடியதன் பயனாக 1947-இல் சென்னை மாகாணத்தில் அவ்வழக்கம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. சிதம்பரனாரும் அவ்வாறே. சிறைத்துன்பம் நீங்கிய பிறகே செயல்படுவேன் என்று அவர் காத்திருக்கவில்லை. அந்நிய ஆட்சி விதியென்று அடங்கியிருக்கவும் இல்லை. அவர் மொழிபெயர்த்த நூல் நினைவைத் திருத்தச் சொல்லிற்று. அவர் வாழ்ந்த வாழ்வோ, நெஞ்சில் எது இருப்பினும் செய்வதைச் செய்யலாம் என்பதற்குச் சான்றாயிற்று. அடிப்பவனை ஏற்பது ஏற்றலன்று. அடிப்பவனை எதிர்க்க எழும்போது கால் நடுங்குகிறதே, அந்நடுக்கத்தை ஏற்பதே ஏற்றல். ஏற்பதற்கு உரியதை ஏற்றவனுக்கே, எதிர்ப்பதற்கு உரியதை எதிர்க்க வலிமை மிஞ்சுகிறது.

இம்முறையின் பயனை ஆராய்ச்சிகள் அளந்துள்ளன. நாட்பட்ட வலியுடையோர்க்கு இது துணை செய்கிறது என்பதற்கு உறுதியான சான்று உண்டு. கவலை, மனச்சோர்வு ஆகியவற்றிலும், எண்ணத்தைத் திருத்தும் முறைக்கு ஏறத்தாழ இணையான பயனையே இது தருகிறது. ஆகவே ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்த வேண்டுவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் இம்முறையைத் தழுவி, ஒலிப்பதிவின் வாயிலாக நடத்தும் ஐந்து வகுப்புகளை உருவாக்கியது. உகாண்டா நாட்டில் தஞ்சம் புகுந்திருந்த தென் சூடான் பெண்டிர் 694 பேரிடம் அது சோதிக்கப்பட்டது. முடிவு 2020-இல் வெளிவந்தது. போரில் எல்லாம் இழந்த அப்பெண்டிர், ஒன்றுகூடி, ஒலிப்பெட்டியிலிருந்து வந்த குரலைக் கேட்டுப் பயின்றனர். வகுப்பில் சேர்ந்தவர்களின் மனத்துயர் மற்றவரினும் குறைந்தது. மூன்று திங்கள் சென்றபின் அவ்வேறுபாடு சிறுத்தது, எனினும் மறையவில்லை. மிதமான பயனே, ஆயினும் உண்மையான பயன்.

மற்றொன்றையும் கூறியாக வேண்டும். எல்லா மனநோயும் தானே ஏற்றுத் தானே கடக்கத்தக்கதன்று. பல வாரங்கள் நீடிக்கும் சோர்வு, உறக்கமின்மை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவை தோன்றினால் மருத்துவரை நாடுதல் வேண்டும். கால் முறிந்த அம்மையார் மருத்துவரை அழைக்கத் தயங்கவில்லை. மனம் முறிந்தவர் மட்டும் ஏன் தயங்க வேண்டும்? பாளையங்கோட்டையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபர் 10-ஆம் நாள் இந்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி எப்பொழுதும் அழைக்கலாம். உதவி கேட்பதும் ஒரு செயலே. வெட்கத்தையும் உடன் அழைத்துக்கொண்டு அச்செயலைச் செய்யலாம்.

மாணவ அன்பர்களே, நாளை நீங்கள் தேர்வு எழுதச் செல்வீர்கள். வேலை தேடிச் செல்வீர்கள். அன்புடையாரை இழக்கும் நாளும் என்றேனும் வரும். அப்போதெல்லாம் நெஞ்சம் படபடக்கும், கண் கலங்கும். அது குற்றமன்று, கோழைமையும் அன்று. நீங்கள் எதனைப் பொருட்டாகக் கருதுகிறீர்கள் என்பதையே அது காட்டுகிறது. கவலையே இல்லாதவனுக்குத் தேர்வும் ஒரு பொருட்டில்லை. அன்பே இல்லாதவனுக்குப் பிரிவும் ஒரு துயரில்லை. ஆதலால் அந்நடுக்கத்தோடேயே வினாத்தாளை விரித்து, தெரிந்த முதல் வினாவுக்கு விடை எழுதத் தொடங்குங்கள்.